இருபத்தாறு அங்குலக் குழல்

துரையின் பங்களா வராந்தாவில் இரண்டு ரைபிள்கள் மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே தோட்டாவைத் தின்பவை. குழலின் நீளம் மட்டும் வேறு. ஒன்று இருபத்தாறு அங்குலம், மற்றது இருபது. ரப்பர் விலை விழுந்து பக்கத்துத் தோட்டம் மூடப்பட்டபோது, சீமைக்குத் திரும்பிய அந்தத் தோட்டத்துத் துரை எங்கள் துரையிடம் விட்டுச் சென்றவை அவை. ஒன்றைத் துரை தமக்கு வைத்துக்கொண்டு மற்றதைக் காவல்காரரிடம் கொடுப்பதாக இருந்தார். எது யாருக்கு என்பதுதான் அன்றைய பேச்சு.

நான் அப்போது எங்கள் துரையின் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். கஹவத்தையிலிருந்து பலாங்கொடைக்குப் போகும் வழியில், ஆற்றைக் கடந்து ஏறினால் எங்கள் மலை. கீழே ரப்பர், மேலே காடு. இரண்டுக்கும் நடுவில் வேலி என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. துரைக்குத் தமிழ் தெரியும். உத்தரவு போடப் போதுமான தமிழ், காரணம் கேட்கப் போதாதது. அதனால் காரணங்கள் பேசப்படும் இடங்களில் நானும் நிற்க வேண்டியிருந்தது.

அந்த வருடம் காட்டுப் பன்றிகள் மேல் மலைக்கு இறங்கின. வரிசை வீடுகளான லயங்களில் இருந்தவர்கள் போட்ட மரவள்ளியைத் தோண்டின. இளம் ரப்பர் கன்றுகளை வேரோடு புரட்டின. அதுவரை அது வெறும் நஷ்டம். ஒரு நாள் விடிந்ததும் பால் வெட்டப் போன பெண்ணொருத்தியின் தொடையை ஒற்றையாகத் திரிந்த ஒரு தனியன் பன்றி கிழித்துவிட்டது. பிறகு மேல் மலைக்குப் பெண்கள் போக மறுத்தார்கள். பாதி மலைகளில் பால் வெட்டை ஏற்கனவே நிறுத்தியிருந்த காலம். இருக்கிற மலையிலும் வெட்டு நின்றால் எல்லோரையும் அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் லயங்களில் இருந்தது. அனுப்புவதென்றால் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து, ரயிலேற்றி, தலைமன்னார் வழியாக இந்தியாவுக்கு. சீட்டு வாங்கியவருக்கு வேறு தோட்டத்திலும் வேலை இல்லாத வருடம் அது. கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

காவல்காரருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. மெலிந்தவர், நடையில் சத்தம் வராது. அவருடைய ஒரே மகளைப் பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் முழுகாமல் இருந்தாள். பால் வெட்டும் கணக்கிலோ ஸ்டோர் கணக்கிலோ காவல்காரர் பெயர் இல்லை. துப்பாக்கி பிடிக்கிறவர் என்பதற்காகவே அவரை வைத்திருந்தார்கள். அந்த வேலை போனால் அடுத்த கூட்டத்தோடு அவரும் மனைவியும் போக வேண்டியதுதான். மகள் இங்கே இருப்பாள்.

துரை இருபது அங்குலத்தை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"நீ இது எடு. சின்னது. காட்டிலே நல்லது."

பிறகு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் விளக்கினார். அவர் சொன்னதில் தவறில்லை. மேல் மலைக்கு அப்பால் கெக்கில்ல என்கிற பெரணிச் செடி மார்பளவுக்குப் பின்னிக் கிடக்கும். அதற்குள் சிறு மூங்கில், பிரம்பு, கொடி. நீண்ட குழலைத் தூக்கிக்கொண்டு நுழைந்தால் ஒவ்வொரு கொடியும் அதைப் பிடித்துக்கொள்ளும். பன்றி பக்கவாட்டில் பாய்ந்தால் குழலைத் திருப்புவதற்குள் அது காலடிக்கு வந்துவிடும். குட்டைக் குழல் எடை குறைவு, மேட்டில் ஏறும்போது நுனி கனக்காது. நீண்ட குழலில் மருந்து எரிந்து தீர நேரம் கிடைப்பதால் ரவை இன்னும் வேகமாகப் போகும், உண்மைதான். ஆனால் அந்த வேகம் திறந்த புல்வெளியில் மரை சுடுகிறவருக்குப் பயன்படும். இந்தக் காட்டில் ஐம்பது கஜத்துக்கு அப்பால் எதுவுமே தெரியாது. ஐம்பது கஜத்தில் பன்றிக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் தமிழில் சொன்னேன். காவல்காரர் தலையாட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு இருபத்தாறு அங்குலத்தைத் தொட்டார்.

"தொரைங்க, எனக்கு இந்த நீட்டுத் துவக்கே இருக்கட்டுங்க."

"ஏன்?"

"அது சத்தங்க. குட்டையானது காதுல அறையுதுங்க. வாயில நெருப்பும் ஜாஸ்தி கக்குது. பொம்பளைங்க நிக்கிற மலை."

அதுவும் உண்மை. குழல் குறைந்தால் ஓசையும் தீயும் சுடுகிறவரின் முகத்துக்கு அருகில் வந்துவிடும். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் துரை சிரித்தார்.

"காவக்காரன் வெடிக்குப் பயம்? பன்னி வந்தா என்ன செய்வே, காது பொத்துவே?"

"பன்னிக்குப் பயமில்லைங்க தொரை. காது ஒண்ணு போச்சுன்னா அது வர்ற சத்தம் எனக்குக் கேக்காதுங்களே."

நான் மொழிபெயர்த்ததும் துரைக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. தோளைக் குலுக்கிவிட்டு நீண்டதை அவர் கையில் கொடுத்தார். குட்டையைத் தாமே வைத்துக்கொண்டார்.

இறக்கத்தில் வரும்போது நான் கேட்டேன்: "உண்மையிலேயே சத்தத்துக்காகத்தான் கேட்டீங்களா?"

அவர் நின்றார். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று எனக்குக் காட்டிவிட்டு, என்னைத் தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னார். குழலின் பின்பகுதியில் ஒரு தகடு, அதில் சிறிய வெட்டு. நுனியில் ஒரு முளை. வெட்டின் நடுவில் முளை, முளையின்மேல் இலக்கு. மூன்றும் ஒரு கோட்டில் வந்தால் சுடலாம். எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"உங்களுக்குத் தெரியும். எனக்கு அந்த வெட்டு பஞ்சா தெரியுதுங்க. குட்டைத் துவக்குல வெட்டு மூக்குகிட்டயே நிக்கிது, சுத்தமா காணோம். முளையும் ரெட்டையா ஆடுது. நீட்டுல ரெண்டும் கொஞ்சம் தள்ளி நிக்கிதுங்க. ஒரு மாதிரி சமாளிக்கலாம்."

"கண் மங்கிவிட்டதா?"

அவருக்குக் கோபம் வந்தது. ஓடைக்கு அப்புறத்துச் சரிவைக் காட்டினார். "அந்தப் பாறை மேல என்ன நிக்கிது, சொல்லுங்க."

எனக்குப் பாறை தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"கபரகொய்யா, பெரிய உடும்பு. வால மடிச்சுப் போட்டிருக்கு." நான் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கையில் பாறையின் ஒரு பகுதி நகர்ந்து பொந்துக்குள் போயிற்று. "தூரத்துல எனக்கு ஒரு கொறையும் இல்லைங்க. கிட்டக்கத்தான். சோத்துல கல்லு கெடந்தா தெரியாது."

வெள்ளெழுத்து என்று நாம் சொல்வது அதைத்தான். எழுத்துத் தெரியாத ஒருவருக்கு அது வந்திருந்தது. கஹவத்தைக் கடையில் மூக்குக் கண்ணாடி கிடைக்குமே என்றேன்.

"கண்ணாடி போட்ட காவக்காரன எந்தத் தோட்டத்துல பாத்திருக்கீங்க? போட்ட அன்னிக்கே தொரை சீட்ட நீட்டிருவாரு. அதுவுமில்லாம, எங்க மச்சான் கண்ணாடிய மாட்டிப் பாத்தேனுங்க. முளை தெரிஞ்சுது. பன்னி நிக்கிற எடம் பஞ்சாயிருச்சு."

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வது என் வேலையும் இல்லை.

நீண்ட துப்பாக்கியோடு அவர் காட்டுக்குள் போகவே இல்லை. அங்கே அதனால் பயனில்லை என்பது துரையைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பன்றியைத் தன் கண்ணுக்கு வசதியான தூரத்துக்கு வரவழைக்கப் பார்த்தார். மேல் மலையின் ஓரத்தில் ஒரு பாறை. அதற்குக் கீழே ஈரப்பள்ளம், பன்றிகள் புரளும் இடம். பள்ளத்துக்கும் பாறைக்கும் நடுவில் இருந்த கெக்கில்லவை வெட்டி ஒரு சந்து திறந்தார். காற்று கீழிருந்து மேலே வீசும் மாலைகளில் பாறைமேல் குப்புறப் படுத்து, குழலைச் சாக்குப் பையில் தாங்கவைத்துக் காத்திருப்பார். தாங்கல் கொடுத்தால் நுனி கனப்பது ஒரு குறையல்ல, கை நடுக்கத்தை அது அடக்கிவிடும். அப்படியாக மூன்று பன்றிகள் விழுந்தன. கடைசியாக விழுந்தது பெண்ணின் தொடையைக் கிழித்த அந்தத் தனியன் என்றார்கள். ஒரு தந்தம் முறிந்திருந்ததை வைத்து அடையாளம் சொன்னார்கள்.

பன்றி விழுந்தால் எங்கள் தோட்டத்தில் ஒரு முறை உண்டு. ஈரலைத் துண்டாக்கி மேல் மலை மாடசாமி கல்லுக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் மற்றதைக் கூறு போடுவார்கள். லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு கூறு. அதனால் ஒரு வெடி கேட்டால் லயம் முழுவதும் சட்டி கழுவத் தொடங்கும். காவல்காரரின் கண்ணை ஒவ்வொரு வெடியிலும் பரிசோதித்தவை அந்தச் சட்டிகள்தான். பெண்கள் மறுபடி மேல் மலைக்குப் போனார்கள்.

அடுத்து ஆயுத பூசை வந்தது.

ஸ்டோரில் ரப்பர் ஷீட் உருட்டும் உருளைகளைக் கழுவி விபூதி பூசினார்கள். பால் வெட்டும் கத்திகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டிட்டார்கள். வாளிகளுக்கும் உண்டு, துரையின் மோட்டார் சைக்கிளுக்கும் உண்டு. வெட்டுகிற, குத்துகிற எதுவும் அன்றைக்கு ரத்தம் பார்க்கக் கூடாது என்பார்கள். கத்தியின் விளிம்பில் சந்தனத்தை அப்பி அதை உறங்கவைப்பார்கள். துப்பாக்கிக்கு விளிம்பு இல்லை, வாய்தான் உண்டு. காவல்காரரின் மனைவி அதன் வாய்க்கு ஒரு சந்தன உருண்டையை அழுத்தி வைத்து, அதன்மேல் செவ்வரத்தம்பூ ஒன்றைக் குத்தினார். எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். அதைத் தவறென்று நினைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை பூவை எடுத்துச் சந்தனத்தைத் துடைத்தார் காவல்காரர். விரலால் தடவிப் பார்த்தார், வாய் சுத்தமாக இருந்தது. வழக்கமாக எண்ணெய்த் துணி கட்டிய கயிற்றைக் குழலுக்குள் விட்டு இழுப்பவர்தான். அன்று கயிற்றை எடுக்கையில் மேல் மலையில் பெண்கள் கூச்சலிட்டார்கள். ஒரு பன்றியும் குட்டிகளும் வெட்டு மரங்களுக்குள் வந்துவிட்டன. அவர் குழலுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடினார். உள்ளே விரல்கணு ஆழத்தில் சந்தனம் வளையமாக இறுகியிருந்தது. கிட்டத்தில் இருப்பது எல்லாமே அவருக்குப் புகை மூட்டமாகத்தான் தெரியும். அந்த வளையமும் அப்படியே தெரிந்திருக்கும்.

வெடி வேறு மாதிரி ஒலித்தது. ஆபீசிலிருந்தே அந்த வித்தியாசம் எனக்குக் கேட்டது. நாங்கள் போய்ப் பார்த்தபோது அவர் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான். குழலின் நுனி வாழைப்பூ மடல்போல் பிளந்திருந்தது, முளை பறந்துபோயிருந்தது. பன்றி ஓடிவிட்டது.

துரை பிளந்த நுனியை முகர்ந்து பார்த்தார். "இது என்ன? சந்தனம்?"

"பூசைங்க தொரை."

"சாமி துவக்கு வாயிலே சந்தனம் கேட்டான்?"

பெண்களில் ஒருத்தி முணுமுணுத்தாள்: "சாமி கேட்டிருந்தா பன்னிக் கூறுல்ல கேட்டிருப்பாரு." துரைக்கு அது விளங்கவில்லை, நல்லதாகப் போயிற்று.

துரை கோபிக்கவில்லை. கெட்ட நுனியை வெட்டிவிடலாம் என்றார். "குட்டைதான் நல்லது என்று அப்போதே சொன்னேன். இப்போது சாமியும் அதையே சொல்லியிருக்கிறார்" என்று ஆங்கிலத்தில் என்னிடம் சொல்லி, மற்றதன் அளவுக்கே வெட்டிக்கொண்டு வரச் சொன்னார். லைசென்சையும் ஒரு துண்டுச் சீட்டையும் என்னிடம் தந்து, எங்கள் இருவரையும் இரத்தினபுரிக்கு அனுப்பினார்.

துப்பாக்கி பாஸ், அதாவது துப்பாக்கி பழுதுபார்க்கும் மேஸ்திரி, ஆற்றோரத்துத் தெருவில் பட்டறை வைத்திருந்த சிங்களவர். மாணிக்கக் கல் தேய்ப்பவர்களுக்குச் சக்கரமும் செய்து கொடுப்பார். குழலைச் சாணைக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காவல்காரரைப் பார்த்தார்.

"மொகத மே? சந்துன்?" என்ன இது, சந்தனமா?

"ஒவ் பாஸ் உன்னஹே," என்று காவல்காரர் சிங்களத்திலேயே ஆமோதித்தார். இருவரும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். தானும் புதுச் சக்கரத்துக்குப் பூ வைப்பதுண்டு, ஆனால் சக்கரத்தின் பல்லுக்குள் வைப்பதில்லை என்றார் பாஸ். பிறகு பேச்சு சிங்களத்தில்தான் நடந்தது. எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

எவ்வளவு வெட்டுவது என்பதில் இருவருக்கும் வழக்கு. பிளவு மூன்று அங்குலம்தான், அதோடு நிறுத்துங்கள் என்றார் காவல்காரர். பாஸ் குழலைத் தலைகீழாக நிறுத்தி வெளிச்சத்துக்கு நேரே பார்த்தார். பிளவுக்குப் பின்னால் உள்ளே ஒரு வீக்கம் வளையமாக ஓடுகிறது, அதை விட்டுவைத்தால் ரவை அங்கே தடுமாறி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் போகும் என்றார். துரை சொன்ன இருபதுதான் சரி. காவல்காரர் மறுபடி கெஞ்சினார். ஒரு அங்குலமாவது விடுங்கள், அரை அங்குலமாவது விடுங்கள்.

பாஸ் வெட்டுவதற்கு முன் துப்பாக்கியை அவரிடம் கொடுத்தார். "ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாடியில் வெள்ளைத் துணி காய்கிறது, அதைக் குறிபாருங்கள்."

காவல்காரர் தோளில் வைத்தார். தலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். கன்னம் கட்டையைவிட்டு எழும்பி, கழுத்து கோழியின் கழுத்தைப் போலப் பின்னுக்குப் போயிற்று.

"அஸ் பேன்னே நெத்த?" என்றார் பாஸ். கண் தெரியவில்லையா?

காவல்காரர் துப்பாக்கியை இறக்கினார். பாஸ் பட்டறைக்குள் போய், ஊசியையும் நூலையும் எடுத்துவந்து கையை முழு நீளத்துக்கு நீட்டிக் கோர்க்கப் பார்த்தார். நூல் போகவில்லை. "எனக்கும்தான். அதனால்தான் கல் தேய்க்கிறதை விட்டேன்."

குழல் இருபது அங்குலமாயிற்று. அதன்பின் துரை சொல்லாத ஒரு வேலையையும் பாஸ் செய்தார். பின்தகட்டை இருந்த இடத்திலிருந்து பெயர்த்து, ஒரு சாண் முன்னால் தள்ளிக் குழல்மேல் ஈயம் வைத்து ஒட்டினார். வெட்டை அகலமாக அராவினார். காலித் தோட்டாவின் பித்தளையில் கடுகளவு மணி ஒன்று செய்து நுனிக்கு முளையாக வைத்தார். இப்போது வெட்டு கண்ணிலிருந்து தள்ளி நின்றது. மணி வெளிச்சத்தில் மினுங்கியது. காவல்காரர் தோளில் வைத்தபோது தலை பின்னால் போகவில்லை.

பாஸ் எச்சரித்தார். இரண்டு குறிகளும் ஒன்றுக்கொன்று நெருங்கிவிட்டதால் கையின் சிறு பிசகும் தூரத்தில் பெரிதாகும். அறுபது கஜத்துக்கு அப்பால் இதை நம்பக் கூடாது. காவல்காரர் கேட்டுக்கொண்டார். திரும்பும் ரயிலில் துப்பாக்கியைச் சாக்கோடு மடியில் வைத்துக்கொண்டு, பெட்டி முழுவதற்கும் கேட்கும்படி பாக்கு இடித்தார். அன்றைக்குப்போல் அவர் பேசி நான் கேட்டதில்லை. பேரப்பிள்ளை பிறந்ததும் பலாங்கொடைக்குப் போய்ப் பார்க்க வேண்டும், வரும்போது மகளை நாலு மாதம் கூட்டி வர வேண்டும் என்றார்.

வெட்டி வந்த துப்பாக்கியைத் துரை தாமே பரிசோதித்தார். ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கொய்யா மரத்தடியில் வைக்கச் சொன்னார். தோளில் வைத்தவர் உடனே சுடவில்லை. இறக்கினார், தகட்டைக் கட்டைவிரலால் தடவினார், மீண்டும் வைத்தார். தகரம் சுழன்று விழுந்தது. இரண்டாவது தடவையும் விழுந்தது. அவர் முகத்தில் ஒரு பையனுக்கு வரும் மகிழ்ச்சி.

"யார் இதை முன்னால் வைத்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பாஸ்."

"யார் சொல்லி?"

"அவராகவே வைத்தார்." அது உண்மை.

துரை சற்று நேரம் காவல்காரரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பிறகு பத்திரிகை ஆபீசில் முப்பது வருடம் மற்றவர்களின் முகத்தைப் பார்த்து எழுதும் தொழில் செய்தும், அதற்கு ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. உள்ளே போய்த் தம்முடைய குட்டை ரைபிளை எடுத்து வந்தார்.

"இது புதுசு. வெட்டு இல்லே, ஒட்டு இல்லே. நீ வச்சுக்கோ. அந்த உடைஞ்சது எனக்குப் போதும்."

மற்றவர்கள் கண்ணுக்கு அது பரிசு. உடைந்ததைத் தாம் வைத்துக்கொண்டு நல்லதைக் கூலியாளுக்குக் கொடுத்த துரை என்று ஸ்டோரில் பேசிக்கொண்டார்கள். காவல்காரர் இரண்டு கைகளாலும் அதை வாங்கினார்.

"சலாமுங்க தொரை."

அதை வைத்துக்கொண்டு பாறைமேல் படுத்துப் பார்த்தார், பயனில்லை. கிட்டப் போய்ச் சுட்டுப் பார்த்தார். குறிபார்க்காமல் குழலை விரல்போல் நீட்டிச் சுட்டார். வெடி மட்டும் கேட்டது. முதல் தடவை லயத்தில் சட்டி கழுவினார்கள். இரண்டாவது தடவையும் கழுவினார்கள். பிறகு கழுவவில்லை.

"காவக்காரரே, இன்னிக்கு என்ன தீவாளியா? காலையிலயே வெடி?"

"விடுடி, வானத்துல பன்னி மேயுது, அதச் சுடுறாரு."

அவருடைய மனைவி ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். "கிளாக்கரய்யா, நீங்க இங்கிலீசுல பக்குவமா சொல்லுங்களேன். அந்த ஒட்டுத் துவக்கயே குடுக்கச் சொல்லுங்க."

"ஏன் என்று துரை கேட்டால்?"

அவர் யோசித்தார். "ஏன்னு கேக்காத மாதிரி சொல்ல முடியாதுங்களா?"

முடியாது என்றேன். அவர் போகவில்லை. "நான்தான் அந்தச் சந்தனத்த அமுத்தினேன்" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பிறகு போனார்.

ஒரு காலை, பால் வெட்டு நடந்துகொண்டிருக்கையில் காவல்காரர் ஒரு பன்றியைச் சுட்டார். பட்டது, விழவில்லை. ரத்தம் சொட்டியபடி அது மேல் மலைக்கும் காட்டுக்கும் நடுவிலுள்ள கெக்கில்லப் புதருக்குள் புகுந்து நின்றுவிட்டது. காயம்பட்ட பன்றி அப்படி நிற்பதுதான் மிகவும் மோசம். பெண்கள் கத்திகளோடு கீழே ஓடி வந்தார்கள். துரை தம் ஒட்டுத் துப்பாக்கியோடு ஏறி வந்தார், நானும் பின்னால் போனேன். புதர் ஒரு இடத்தில் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது.

"நீ முன்னாலே போ" என்றார் துரை. "குட்டைத் துவக்கு. இது அதுக்குத்தான்."

காவல்காரர் புதர் வரைக்கும் போனார். ஒரு கையால் செடியை விலக்கினார். அங்கே நின்றார். பிறகு திரும்பி வந்து, துப்பாக்கியிலிருந்து தோட்டாவைக் கழற்றினார். துப்பாக்கியைத் துரையின் கால் பக்கத்தில் தரையில் வைத்தார்.

"தொரைங்க, கிட்டக்கத் தெரியலைங்க எனக்கு. கண்ணு."

காரணம் சொன்ன வாக்கியம்தான் அது. ஆனால் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. துரை அவரைப் பார்க்காமல் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "எனக்கும் கிட்டத்தில் கண் தெரியாது என்று அவனிடம் சொல். மூன்று வருடமாகத் தெரியாது." சொல்லிவிட்டுப் பித்தளை மணி வைத்த துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புதருக்குள் இறங்கினார். அவர் கோழை அல்ல. உள்ளே செடிகள் முறியும் ஒலி, ஒரு வெடி, அப்புறம் அமைதி. முழங்கால் வரை சேறோடு வெளியே வந்தார். மேல் மலையில் பால் வெட்டு அன்றைக்கே தொடர்ந்தது.

துரை சொன்னதை நான் காவல்காரரிடம் சொன்னேன். அவர் கேட்டார்:

"அப்ப தொரைக்கும் சீட்டு குடுப்பாங்களா?"

அடுத்த கூட்டத்தில் காவல்காரரும் மனைவியும் இருந்தார்கள். பத்துச்சீட்டைத் தட்டச்சு செய்தது நான்தான். வேலையிலிருந்து நீக்கும் காரணத்துக்கு அதில் ஒரு வரி இடம் உண்டு. 'பார்வைக் குறைவு' என்று துரை எழுதச் சொன்னார்.

கஹவத்தை ஸ்டேஷனில் கூட்டம் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தது. மகளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள், அவள் வரவில்லை. குழந்தை பிறந்து இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை, விடமாட்டார்கள் என்று தாயார் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டிருந்தார். காவல்காரர் பிளாட்பாரத்தின் கோடியில் நின்று பலாங்கொடை ரோட்டைப் பார்த்தார்.

"அந்தா வருது" என்றார்.

ரயிலா என்று எல்லோரும் எழுந்தார்கள். ரயில் இல்லை. நான் ரோட்டைப் பார்த்தேன். வெயில், புழுதி, ஒரு மாட்டுவண்டி. "வண்டிக்கு முன்னால. சேப்புச் சீலை. பிள்ளைய எடக்கையில வச்சிருக்கா." வண்டி நெருங்கிய பிறகுதான் அதற்கு முன்னால் ஒருத்தி நடந்து வருவது எனக்குத் தெரிந்தது. ஓடாமல் ஓடும் நடை. சேலையின் நிறம் அதற்கும் பிறகு தெரிந்தது.

அவள் வந்து சேர்ந்தபோது ரயிலும் வந்துவிட்டது. சிறு தண்டவாளத்து ரயில், அதிக நேரம் நிற்காது. தாயார் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அவள் துணியை விலக்கிக் குழந்தையைத் தகப்பனின் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

அவர் தலையைப் பின்னால் இழுத்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். பின்னால் ரயில்பெட்டி, அதற்கு மேல் போக இடமில்லை.

"கொஞ்சம் தள்ளிப் போம்மா" என்றார்.

அவளுக்கு விளங்கவில்லை. முகம் சுருங்கியது. "என்னப்பா?"

"தள்ளி நில்லு. இன்னுங் கொஞ்சம். அங்க. அங்கயே நில்லு."

அவள் குழந்தையை ஏந்தியபடி பின்னால் பின்னால் போய், பிளாட்பாரத்து மரத்தூணில் முதுகு இடித்து நின்றாள். அவர் பார்த்தார். கார்டு கொடியை வீசினார்.